சென்னை – கண்டிகோட்டா – பெலும் – யாகந்தி: காரில் இரண்டு நாள் போதுமா, மூன்று வேண்டுமா?

பின்சீட்டுக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். ஜனவரியில் பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு ஒரு சனி-ஞாயிறு கிளம்பலாம் என்று திட்டம். நான்கு பேர்: நாங்கள் இருவர், 9 வயதுப் பையன், 64 வயது மாமியார் (முழங்கால் வலி உண்டு, படி ஏறுவார், ஆனால் மெதுவாக). வண்டி சின்ன பெட்ரோல் ஹேட்ச்பேக். சனி காலை கிளம்பி மாலைக்குள் ஆந்திராவின் கண்டிகோட்டா (கோட்டையும் ஆற்றுப் பள்ளத்தாக்கும்), ஞாயிறு காலை பெலும் குகை, மதியம் யாகந்தி கோயில், இரவுக்குள் வீடு. சரிவருமா? டெண்டில் தங்குவதா, அறை எடுப்பதா? மாமியாரைக் குகைக்குள் கூட்டிப் போகலாமா?

சாலைப்பித்தன்:
ஞாயிற்றுக்கிழமைக் கணக்கைப் பாருங்கள் மேடம். கண்டிகோட்டாவிலிருந்து ஜம்மலமடுகு வந்து, கொலிமிகுண்ட்லா வழியாக பெலும் சுமார் 60 கி.மீ. அங்கிருந்து பனகானபள்ளி வழியாக யாகந்தி ஏறக்குறைய 50. யாகந்தியிலிருந்து கடப்பா வந்து சென்னை சேர எப்படிப் போனாலும் 380, 400. கூட்டினால் கிட்டத்தட்ட 500 கி.மீ. நடுவில் இரண்டரை மணி நேரம் குகைக்குள் வியர்த்து, ஒன்றரை மணி நேரம் கோயிலில் படியேறி, அதன் பிறகு கடப்பா – ரேணிகுண்டா காட்டுப் பாதையை இருட்டில் ஓட்ட வேண்டும். ஒரே ஆள் ஓட்டினால் இதைச் செய்யவே கூடாது.

இரண்டு நாள்தான் முடியும் என்றால் யாகந்தியை வெட்டுங்கள். மூன்று நாள் கிடைத்தால் முழுச் சுற்றும் நிதானமாக வரும்:

முதல் நாள்: சென்னை – கடப்பா – கண்டிகோட்டா, சுமார் 350 கி.மீ. காலை நாலரைக்குக் கிளம்பினால் பத்தரைக்குக் கடப்பா, மதியச் சாப்பாட்டுக்கு ஜம்மலமடுகு.
இரண்டாம் நாள்: சூரிய உதயம், 9 மணிக்குப் புறப்பாடு, பதினொன்றுக்குள் பெலும், மூன்றரைக்கு யாகந்தி, இரவு நந்தியாலில்.
மூன்றாம் நாள்: நந்தியால் – ஆள்ளகட்டா – மைதுக்கூர் – கடப்பா – சென்னை, 400-க்குச் சற்றுக் குறைவு.

மொத்தம் 900 முதல் 950 கி.மீ. வரும். ஏசி போட்டு, நான்கு பேர் சுமையோடு லிட்டருக்கு 16 என்று வைத்தால் 58 லிட்டர்.

டீசல்மணி:
பெட்ரோல் ஆந்திராவுல விலை கூட. திருவள்ளூர்லயே டேங்க்கை ரொப்பிருங்க. 35 லிட்டர் டேங்க்னா நந்தியால் வரைக்கும் தாராளமா வரும், அங்க முக்கால் டேங்க் போட்டா வீட்டுக்கு வந்துரலாம். கண்டிகோட்டா ஊருக்குள்ள பங்க்கை நம்பிப் போவாதீங்க, ஜம்மலமடுகுதான் கடைசி.

ரூட்டு: திருவள்ளூர், திருத்தணி, நகரி, புத்தூர், ரேணிகுண்டா, கோடூர், ராஜம்பேட்டை, ஒண்டிமிட்டா, கடப்பா, எர்ரகுண்ட்லா, முத்தனூரு. எல்லாமே என்ஹெச் 716. ரேணிகுண்டா தாண்டினதும் மாமண்டூர், பாலபள்ளி பக்கம் சேஷாசலக் காடு. ரெண்டு பக்கமும் செம்மரம். வனத்துறை செக்கிங் இருக்கும், டிக்கியைத் திறக்கச் சொன்னா திறந்து காட்டிட்டுப் போய்க்கிட்டே இருங்க. அந்த ரேணிகுண்டா – கடப்பா 130 கி.மீ.தான் முழுப் பயணத்துலயும் பொறுமையைச் சோதிக்கிற இடம். ரோடு அகலப்படுத்துற வேலை நடக்கிற இடத்துல எல்லாம் திடீர் டைவர்ஷன், ராத்திரியில போர்டே தெரியாது. பகல்ல போங்க, பகல்லயே திரும்புங்க.

எர்ரகுண்ட்லா வந்தாச்சுன்னா சிமெண்ட் லாரி. கொலிமிகுண்ட்லா பக்கம் பலகைக்கல் லாரி. ரெண்டுக்கும் பின்னாடி ஒட்டிப் போவாதீங்க, கல்லுத்துண்டு தெறிச்சு கண்ணாடியில விழும். ஓவர்டேக் பண்ண முடியலைன்னா 50 மீட்டர் விட்டு வாங்க, ஒண்ணும் கெட்டுப்போயிடாது.

ஊர்சுற்றி_குமரன்:
திரும்பி வரும்போது கடப்பாவிலிருந்து ராயச்சோட்டி, சித்தூர், ராணிப்பேட்டை வழியாக வரலாமே? என்ஹெச் 40 நல்ல ரோடு என்று கேள்வி.

டீசல்மணி:
கர்நூல் – கடப்பா துண்டு நல்ல நாலுவழி ரோடு, நந்தியால்ல இருந்து அதுலதான் வருவீங்க. கடப்பாவுக்குக் கீழ கதை வேற. குவ்வலசெருவு காட் இருக்கு தம்பி. கொண்டை ஊசி வளைவும் லோடு லாரியும் சேர்ந்து விபத்துக்குப் பேர் போன இடம். சுத்தும் அதிகம். வேலூர், ஆம்பூர் பக்கத்துக்காரங்களுக்கு அது சரி. சென்னைக்காரங்க ரேணிகுண்டா வழியே வாங்க.

கடப்பாக்கல்:
வழி பற்றிப் பேசியாகிவிட்டது. பார்க்கப்போகும் இடம் என்ன என்பதைச் சொன்னால் எதை எங்கே கவனிக்க வேண்டும் என்பது தானாகப் புரியும்.

நம் வீட்டுச் சமையலறை அலமாரியில் கறுப்பாக, ஒன்றரை அங்குலக் கனத்தில் ஒரு பலகை இருக்கும். கடப்பா கல். அதன் வெட்டிய ஓரத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள்: மெல்லிய சாம்பல் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடைமட்டமாக ஓடும். கடலடியில் படிந்த சுண்ணாம்புச் சேற்றின் அடுக்குகள் அவை. அந்த அடுக்கில்தான் கல் பாளம் பாளமாகப் பிளக்கும், அதனால்தான் அலமாரிக்கு வசதி. கொலிமிகுண்ட்லா வட்டாரத்தின் கறுப்புச் சுண்ணாம்புக்கல்லும் இதே வகைதான். பெலும் குகை அதற்குள்தான் இருக்கிறது. குகைச் சுவரில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் அதே கோடுகளைப் பார்க்கலாம்.

மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு இலேசான அமிலமாகிறது. அது சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் இறங்கி, கரைத்து, வெடிப்பை வழியாக்கி, வழியைச் சுரங்கமாக்கிவிடும். நிலத்தடி நீர் கீழே இறங்கியதும் சுரங்கம் காய்ந்து மிஞ்சுகிறது. அதனால் பெலும் என்பது ஒரு பெரிய மண்டபமாக இல்லாமல், வெடிப்புகள் போன போக்கில் நீண்டு, சட்டெனத் திரும்பி, சில இடங்களில் தோளை உரசும் சந்துகளின் வலையாக இருக்கிறது.

கண்டிகோட்டா அப்படியே எதிர். அதைச் 'சிவப்பு கிரானைட்' என்று பாதி வலைத்தளங்கள் எழுதுகின்றன, தவறு. அது குவார்ட்சைட், அதாவது மணற்கல் இறுகிக் கெட்டியான கல். தண்ணீரில் கரையாது. வடபெண்ணை ஆறு அதை அறுத்துக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. கிடை அடுக்கும் செங்குத்து வெடிப்பும் சேர்ந்து சுவர் முழுக்க யாரோ பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்ததுபோலத் தெரியும். தெலுங்கில் 'கண்டி' என்றால் மலையிடுக்கு. பெயர் அதிலிருந்து வந்ததுதான். நம் தென்பெண்ணையும் இந்த வடபெண்ணையும் நந்தி மலைப் பகுதியில் பிறந்தவை. ஒன்று கடலூருக்கு வந்தது, இன்னொன்று இப்படிச் சுற்றிக்கொண்டு நெல்லூருக்குப் போகிறது.

பின்சீட்டுக்காரி:
அலமாரியைப் போய்ப் பார்த்தேன், கோடு இருக்கிறது! சரி, மூன்று நாள் என்று முடிவு. வெள்ளிக்கிழமை விடுப்பு. இனி கண்டிகோட்டாவில் பையனை எப்படிப் பிடித்து வைப்பது?

கடப்பாக்கல்:
அதைத்தான் சொல்ல வந்தேன். வியூ பாயிண்டில் தடுப்புக் கம்பி எதையும் எதிர்பார்க்காதீர்கள். ஓரத்தில் கிடக்கும் பெட்டிக்கல் பலமாகத் தெரியும். ஆனால் அடியில் வெடிப்பு முழுக்க ஓடியிருந்தால் அது சும்மா உட்கார்ந்திருக்கும் கல். ஒரு மூலையில் கால் வைத்தால் எதிர் மூலை தூக்கும். கல்லின் மேல் போவதற்கு முன் சுற்றிலும் வெடிப்பில் புதிதாக மண் உதிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பார்த்தாலும் விளிம்பிலிருந்து ஓர் ஆள் நீளம் உள்ளேதான் நிற்க வேண்டும். குனிந்து எட்டிப் பார்ப்பது, முதுகைப் பள்ளத்துக்குக் காட்டி செல்ஃபி எடுப்பது இரண்டும் கூடாது. மழை தூறியிருந்தால் வழுவழுப்பான மேற்பரப்பு சோப்பு போட்டதுபோல ஆகிவிடும்.

பையனுக்குப் பாதுகாப்பான இடம் கோட்டைக்குள் இருக்கும் தானியக் களஞ்சியமும் அதன் பக்கத்து ஜாமியா மசூதியும். மாதவராய சுவாமி கோயிலின் கோபுரமும் மண்டபத் தூண்களும் மாலை வெயிலில் பார்க்க வேண்டியவை.

சாலைப்பித்தன்:
நேரக் கணக்கு: ஜனவரியில் அங்கே சூரிய உதயம் காலை 6:40-ஐ ஒட்டி, அஸ்தமனம் மாலை 6-ஐ ஒட்டி. முதல் நாள் 4 மணிக்குக் கோயில், களஞ்சியம், மசூதி; 5:15-க்கு வியூ பாயிண்ட்; வெளிச்சம் இருக்கும்போதே திரும்பி நடை. பாறைகளுக்கு நடுவே இருட்டில் வழி தேடாதீர்கள், எல்லாச் சந்தும் ஒன்றுபோலவே இருக்கும். காலையில் 6:15-க்கு டார்ச்சோடு போகலாம். நடுப்பகல் 11 முதல் 3 வரை அங்கே நிற்பதில் பயன் இல்லை: கல் சுடும், நிழல் குறுகிவிடுவதால் பள்ளத்தின் ஆழமும் சரியாகத் தெரியாது.

ஆற்றில் தண்ணீர் எவ்வளவு தெரியும் என்பது அணைகளைப் பொறுத்தது. மேலே கண்டிகோட்டா நீர்த்தேக்கம், கீழே மைலவரம் அணை. மைலவரத்தில் நீர் தேங்கியிருந்தால் பள்ளத்தில் பச்சைத் தண்ணீர் நிறைந்து நிற்கும். கோடையில் பாறையும் மணலும்தான். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம்.

மலைக்காத்து:
டெண்ட் பற்றி யாரும் சொல்லவில்லையே. அங்கே மண் கிடையாது, பாறை. ஆணி இறங்காது. சொந்த டெண்ட் கொண்டுபோகிறவர்கள் ஆணியை நம்பாமல், நான்கு மூலைக்கும் 3 மீட்டர் கயிறு எடுத்துப்போய் தலையளவு கற்களில் கட்ட வேண்டும். கயிற்றைக் கல்லின் மேல் சுற்றினால் காற்றில் நழுவும். அடியில் கொடுத்துச் சுற்றி, அதன் மேல் இன்னொரு கல் வைத்தால்தான் நிற்கும். கீழே 10 மி.மீ. பாய் இல்லாமல் படுத்தால் முதுகு போய்விடும். பள்ளத்திலிருந்து ஏறும் காற்று விடியற்காலை நன்றாகவே வீசும். ஷூவைக் கவிழ்த்துத் தட்டிவிட்டுப் போடுங்கள், தேள் இருக்கும் ஊர்.

முழங்கால் வலி உள்ளவருக்கு இது வேண்டவே வேண்டாம். தரையிலிருந்து எழுவதே சிரமம், இரவில் கழிப்பறைக்குக் கல்லில் தடவி நடக்க வேண்டும். ஆந்திர சுற்றுலாத் துறையின் ஹரிதா விடுதி அங்கேயே இருக்கிறது. அறை கிடைத்தால் அதுதான். கிடைக்காவிட்டால் 15 கி.மீ. தள்ளி ஜம்மலமடுகில் லாட்ஜ், காலை 5:45-க்குக் கிளம்பினால் உதயத்துக்குச் சரியாக இருக்கும். குரங்கு உண்டு; பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிட்டால் பிடுங்கிக்கொண்டு போகும்.

ஊர்சுற்றி_குமரன்:
பெலும் குகை இந்தியாவிலேயே இரண்டாவது நீளமானது என்கிறார்களே, உண்மையா? விசாகப்பட்டினம் பக்கத்துப் போரா குகை பார்த்தவர்களுக்கு இது பிடிக்குமா?

கடப்பாக்கல்:
'இரண்டாவது' என்பது பழைய பாட்டு. பெலும் 3,229 மீட்டர். மேகாலயாவில் கிரெம் பூரி என்ற ஒரு குகையே 24 கி.மீ.க்கு மேல், கிரெம் லியாட் ப்ரா அதையும் தாண்டும். சமவெளிப் பகுதியில் நீளமானது என்று சொன்னால் சரி. 1884-இல் பிரிட்டிஷ் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பெலுமைக் குறித்து வைத்தார். அவர்தான் பல்லாவரத்தில் கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவர். பிறகு 1982, 83-இல் டேனியல் கெபாவர் தலைமையில் ஜெர்மன் குழு உள்ளே போய் அளந்தது. 2002-இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். நாம் நடக்க முடிவது சுமார் ஒன்றரை கி.மீ. பௌத்தத் துறவிகள் தங்கிய தடயங்கள் கிடைத்ததால்தான் வெளியே பெரிய புத்தர் சிலை.

போரா உயரமான கூடம், கூரையிலிருந்து சுண்ணாம்புநீர் சொட்டி வளர்ந்த பெரிய தொங்கல்கள். அதை எதிர்பார்த்துப் பெலும் போனால் ஏமாற்றம். இங்கே சுவரின் வளைவும் சந்தின் நெளிவும்தான் அழகு: தண்ணீர் ஓடித் தேய்த்த வழவழப்பு. தொங்கல்கள் சிங்கத் துவாரத்திலும், ஆலமர விழுதுபோல இறங்கும் கூடத்திலும் இருக்கின்றன. கோடிலிங்கம் என்கிற இடத்தில் கீழிருந்து எழும்பிய லிங்க வடிவங்கள். சப்தஸ்வர குகையில் தொங்கல்களைத் தட்டினால் சத்தம் வரும் என்று வழிகாட்டிகள் காட்டுவார்கள். தட்டாதீர்கள். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் சுண்ணாம்பு ஒட்டாது. வளர்ச்சி அங்கேயே நின்றுவிடும்.

பின்சீட்டுக்காரி:
மாமியார் விஷயம்?

குகைவாசி:
உள்ளே இறங்குவது தரையில் இருக்கும் கிணறு மாதிரியான குழி வழியாக, படிக்கட்டில். இறங்கியதும் முதல் பகுதி அகலம், உயரம். சிங்கத் துவாரம், கோடிலிங்கம் வரை மெதுவாக அழைத்துப் போகலாம். அதற்குமேல் பல இடங்களில் இடுப்பை வளைத்து நடக்க வேண்டும். முழங்காலுக்கு அதுதான் எமன். பாதாள கங்கை குகையின் ஆழமான புள்ளி, தரைமட்டத்திலிருந்து 46 மீட்டர் கீழே. இறங்கும் படி ஈரம், ஏறி வருவது மூச்சு வாங்கும். அதை மாமியாருக்கு வேண்டாம் என்பேன். ஒருவர் அவரோடு அகலமான கூடத்தில் நிற்க, மற்றவர் பையனைக் கூட்டிப் போய்விட்டு வந்து ஆள் மாறிக்கொள்ளுங்கள்.

வெளியில் வெயில் என்பதால் குகைக்குள் குளிராக இருக்கும் என்று நினைக்காதீர்கள். ஈரப்பதம் மிக அதிகம், காற்று நகராது, வியர்வை உலராது. உடம்பு சூட்டை வெளியேற்ற முடியாமல் பத்தே நிமிடத்தில் சட்டை நனையும். குழாய் வழியாகக் காற்று உள்ளே அடிக்கிறார்கள். அந்தக் குழாய் வாய் இருக்கும் இடங்களில் இரண்டு நிமிடம் நின்று நின்று போங்கள். தலை கனத்தால், கொட்டாவி தொடர்ந்து வந்தால் திரும்பிவிட வேண்டும். ஆஸ்துமா இருந்தால் இன்ஹேலர் சட்டைப் பையில், கார் டிக்கியில் அல்ல. ஆளுக்கு அரை லிட்டர் தண்ணீர். பருத்திச் சட்டை போடுங்கள்; ஜீன்ஸ் வேண்டாம். மின்சாரம் போனால் ஒன்றும் தெரியாது, ஆளுக்கொரு சின்ன டார்ச். போன் சிக்னல் உள்ளே கிடையாது. பிரிந்தால் எங்கே சந்திப்பது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

பிற்பகல் நாலு மணிக்கு மேல் வாசலில் போய் நிற்காதீர்கள். பலத்த மழை பெய்த நாட்களில் திறந்திருக்கிறதா என்று விடுதியில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

மலைக்காத்து:
கேமரா வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: ஏசி காரிலிருந்து நேராகக் குகைக்குள் எடுத்துப்போனால் லென்ஸ் முழுக்க ஆவி படியும். குளிர்ந்த கண்ணாடியில் ஈரக்காற்று பட்டால் அப்படித்தான். துடைத்தால் மறுபடி படியும். குகைக்கு 20 நிமிடம் முன்பே ஏசியை நிறுத்தி, கேமராப் பையை மூடியபடியே சூடாக விடுங்கள். உள்ளே வண்ண விளக்குகள். ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விட்டால் ஒவ்வொரு படமும் ஒரு நிறம்.

டீசல்மணி:
பஞ்சர் சமாச்சாரம். கொலிமிகுண்ட்லா, தாடிபத்ரி பக்கம் ரோட்டோரம் முழுக்க பலகைக்கல் சில்லு, பிளேடு மாதிரி. லாரிக்கு வழிவிடறோம்னு தார் விளிம்பை விட்டு டயரை இறக்கினா பக்கச்சுவர் கிழியும். நடு டயர்ல ஆணி ஏறினா டியூப்லெஸ் கிட் போதும்: ஆணியைப் பிடுங்கறதுக்கு முன்னாடி அது போன கோணத்தைப் பாருங்க, அதே கோணத்துல அரத்தை விட்டு நாலஞ்சு தடவை இழுங்க, பசை தடவின திரியை ஊசில கோத்து முக்கால்வாசி உள்ள தள்ளி சடக்குனு ஊசியை மட்டும் உருவுங்க. மிச்சத்தை 3 மி.மீ. விட்டு வெட்டுங்க. பக்கச்சுவர் கிழிஞ்சா திரியெல்லாம் நிக்காது, ஸ்டெப்னிதான். கிளம்பறதுக்கு முன்னாடி ஸ்டெப்னியில காத்து இருக்கான்னு பாருங்க. பாதிப்பேர் அதைத்தான் பார்க்கறதில்ல.

ஊர்சுற்றி_குமரன்:
யாகந்தியில் அப்படி என்ன?

சாலைப்பித்தன்:
சிவனும் உமையும் ஒரே கல்லில். மலையடியிலிருந்து வரும் ஊற்று நந்தி வாய் வழியாகக் குளத்தில் விழுகிறது. பின்னால் பாறையில் மூன்று குகை: அகத்தியர் குகைக்குச் செங்குத்தான 120 படி, வெங்கடேசுவரர் குகை அதைவிட எளிது, வீரபிரம்மம் குகையில் குனிந்து போக வேண்டும். மாமியாருக்கு வெங்கடேசுவரர் குகை மட்டும் போதும். பெரிய நந்தி வளர்ந்துகொண்டே போவதாக ஊரே சொல்லும், டேப் எடுத்துப் போகிறவர்கள் போகலாம். வெயில் நேரத்தில் கல்தரை வெறுங்காலைப் பொசுக்கும். பருத்தி சாக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் மூன்றரை மணி என்று போட்டேன்.

பனகானபள்ளிதான் நம் 'பங்கனப்பள்ளி' மாம்பழத்தின் ஊர். ஜனவரியில் பழம் கிடைக்காது; கிடைக்கும் மாதத்தில் அங்கே வெயில் தாங்காது.

பின்சீட்டுக்காரி:
கடைசிக் கேள்வி, சாப்பாடு. பையன் காரம் சாப்பிட மாட்டான்.

டீசல்மணி:
அப்ப கஷ்டம்தான். கடப்பா காரம் தோசைன்னா தோசைமேல செவப்பு மிளகாய் விழுதைத் தடவியே கொடுப்பாங்க. ஆர்டர் பண்ணும்போதே தெலுங்குல "காரம் வத்து" (காரம் வேண்டாம்) சொல்லி பிளெயின் தோசை வாங்குங்க. காலையில உக்கானி கிடைக்கும், பொரியை நனைச்சுத் தாளிச்சது, பையனுக்கு அது ஒத்துக்கும். பக்கத்துல வைக்கிற மிளகாய் பஜ்ஜியை மட்டும் நீங்க எடுத்துக்குங்க. ராகி சங்கட்டி (களி), நாட்டுக்கோழிப் புலுசு (குழம்பு) பெரியவங்களுக்கு. பெலுமுக்கும் யாகந்திக்கும் நடுவுல நல்ல ஓட்டல் தேடி நேரத்தை விடாதீங்க, காலையிலேயே ஜம்மலமடுகுல தயிர்சாதம் கட்டி வாங்கிக்குங்க.

பின்சீட்டுக்காரி:
"காரம் வத்து." எழுதி வைத்துக்கொண்டேன். ஸ்டெப்னியையும் பார்த்தேன். காற்று 14 பிஎஸ்ஐ.

டீசல்மணி:
பார்த்தீங்களா! 35-க்கு ஏத்துங்க, வால்வு மூடி போட மறக்காதீங்க.